மேம்படுத்தச் சொல்லும் அறிவிப்பு: மூடுவதா, பூட்டுவதா, ஏற்பதா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சித்தப்பா ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோவில் திருவிழா நோட்டீஸ் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் அடிக்கிறார்கள். மார்கழிக் கடைசி வாரத்தில் நான் போயிருந்தபோது கடையில் நிற்க இடமில்லை. தை முகூர்த்தம் நெருங்கிவிட்டது. பெண்ணின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்க்க வேண்டும் என்று ஒரு குடும்பமே கணினியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டு வந்தது. கணினி மறுபடி இயங்கத் தொடங்கியதும் பத்திரிகைக்குப் பதிலாகத் திரை முழுவதும் ஓர் அறிவிப்பு நின்றது: விண்டோஸ் 11 தயாராக இருக்கிறது, மேம்படுத்துங்கள்.

திரையின் ஓரத்தில் சித்தப்பா ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். கடைப் பையனுக்காக எழுதியது. "நீலப் பொத்தானை அமுக்காதே. என்னைக் கூப்பிடு."

"இதை அமுக்கினால் என்னம்மா ஆகும்?" என்று என்னிடம் கேட்டார்.

"புது விண்டோஸ் ஏறிவிடும், சித்தப்பா."

"ஏறினால் நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். ஆனால் இன்றைக்கு வேண்டாம்."

அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்து எழுதுகிறேன். இதே அறிவிப்பு இன்னும் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் வந்துகொண்டிருக்கிறது. அதைச் சமாளிக்க இருக்கும் வழிகளில் சில நல்லவை, சில பயனற்றவை, இரண்டு மூன்று மிக ஆபத்தானவை. எது எந்த வகை என்று தெரியாமல் கையில் கிடைத்ததைச் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புதுப்பிப்பு வேறு, மேம்படுத்தல் வேறு. மைக்ரோசாப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள் புதுப்பிப்புகள். வீட்டுக்கு உவமை சொன்னால், உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்வது போன்றது அது. விண்டோஸ் 10 இருந்த இடத்தில் விண்டோஸ் 11 வருவது மேம்படுத்தல், அதாவது வீட்டையே மாற்றிக் குடிபோவது. நம்மை எரிச்சலூட்டும் அறிவிப்பு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. ஆனால் அந்த எரிச்சலில் பலரும் முதலாவதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் "இது எதை நிறுத்துகிறது?" என்ற கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த எரிச்சலுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றார்கள். கணினியின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னம் வந்து உட்கார்ந்துகொண்டு, மேம்படுத்துங்கள் என்று ஓயாமல் கேட்டது. 2016 பிப்ரவரியில் அந்த மேம்படுத்தலைப் 'பரிந்துரைக்கப்பட்ட' புதுப்பிப்புகளின் பட்டியலில் சேர்த்தார்கள். பரிந்துரைத்தவை தானாக இறங்கட்டும் என்று அமைத்திருந்த கணினிகளில் அது கேட்காமலே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வானிலை அறிவிப்பு நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போதே வரைபடத்தின் மேல் அந்த அறிவிப்பு வந்து நின்றது.

எல்லாவற்றிலும் மோசமானது மே மாதம் நடந்தது. ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் 'வேண்டாம், மூடு' என்றுதான் பொருள். இருபது ஆண்டுகளாக எல்லோர் விரலும் பழகிய பொருள் அது. அந்த அறிவிப்பிலோ அதை அமுக்கி மூடினாலும் குறித்த நாளில் மேம்படுத்தல் நடக்கும் என்று அமைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் பயண முகவர் நிறுவனம் நடத்திய ஒரு பெண்மணி, தன் அனுமதியில்லாமல் தொடங்கிய மேம்படுத்தலால் கணினி முடங்கித் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் அவருக்கு 10,000 டாலர் வழங்கச் சொன்னது. மைக்ரோசாப்ட் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குச் செலவைத் தவிர்க்கவே மேல்முறையீட்டைக் கைவிடுவதாகச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த கிறிஸ் கபொசெலா, அந்தப் பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேம்படுத்தல் அறிவிப்பைக் கண்டு பயப்படுகிறவர்களை 'கணினி தெரியாதவர்கள்' என்று பேசுகிறார்கள். அது அநியாயம். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. மூடு என்று சொன்னதைச் சரி என்று எடுத்துக்கொண்ட ஒரு பொத்தான் உண்மையிலேயே இருந்திருக்கிறது.

இனி வழிகளைப் பார்ப்போம்.

எல்லோரும் செய்வது, வரும்போதெல்லாம் மறுப்பது. விண்டோஸ் 10-இன் புதுப்பிப்புப் பக்கத்தில் மேம்படுத்தல் அழைப்புக்குக் கீழே 'ஸ்டே ஆன் விண்டோஸ் 10 ஃபார் நவ்' என்று ஓர் இணைப்பு இருக்கும். 'இப்போதைக்கு' என்ற சொல் அதிலேயே இருப்பதால், அழைப்பு திரும்பவும் வரும் என்று எதிர்பார்க்கலாம். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும், அதுவும் நிதானமாகப் படித்துப் பார்த்து அமுக்குகிறவர் பயன்படுத்தும் கணினிக்கு இது போதும். நான்கு பேர் கைபடும் கடைக்கும், பேரப்பிள்ளைகள் விளையாடும் வீட்டுக்கும் போதாது. ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டால் முடிந்தது. சித்தப்பாவின் சீட்டு அந்தப் பயத்தில் எழுதியதுதான்.

இரண்டாவது, அமைப்புகளில் உள்ள அறிவிப்புத் தேர்வுகளை அணைப்பது. அமைப்புகள், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். புதுப்பித்தபின் வரவேற்புப் பக்கம் காட்டுவது ஒன்று, 'உங்கள் கணினியை அமைத்து முடிக்க வழி சொல்கிறோம்' என்பது ஒன்று, குறிப்புகளும் பரிந்துரைகளும் தருவது ஒன்று. மூன்றிலும் உள்ள குறியை எடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. செலவு இல்லை, ஆபத்தும் இல்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வரும். விளம்பரம் போன்ற தொல்லைகள் நன்றாகவே குறையும். ஆனால் இது வாயை மூடுகிறதே தவிரக் கதவைப் பூட்டுவதில்லை. புதுப்பிப்புப் பக்கத்துக்குள் யாராவது போய்விட்டால் அந்த அழைப்பு அங்கே காத்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் இதை எல்லோரும் செய்யலாம். இது ஒன்றையே நம்பியிருக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் என் மனத்துக்கு உகந்தது. கணினியை ஒரு குறிப்பிட்ட பதிப்பிலேயே நிறுத்திவைப்பது. பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கிறவர்களுக்காக மைக்ரோசாப்டே கொடுத்திருக்கும் வசதி இது. "இந்தக் கணினி விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பில் இருக்கட்டும்" என்று கொள்கை அமைப்பில் எழுதிவைத்துவிட்டால், விண்டோஸ் புதுப்பிப்பு அந்த எல்லையைத் தாண்டி எதையும் வழங்காது. மாதாந்தரத் திருத்தங்களை இது தடுப்பதில்லை. வீட்டை மாற்றச் சொல்லும் தரகருக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். தாழ்ப்பாள் பழுதுபார்க்கும் ஆசாரி எப்போதும்போல் வந்து போவார்.

விண்டோஸின் புரோ வகையில் இதைக் குரூப் பாலிசி எடிட்டர் என்ற கருவி வழியாகச் செய்யலாம். வீட்டுக் கணினிகளில் அதிகம் இருக்கும் ஹோம் வகையில் அந்தக் கருவியே கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க நான் சொல்லமாட்டேன். அவர்களுக்காகவே ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர் 'இன்கன்ட்ரோல்' என்று ஒரு சிறு இலவச நிரல் எழுதியிருக்கிறார். 2016-இல் விண்டோஸ் 10 தொல்லை கொடுத்தபோது 'நெவர்10' என்ற நிரலை எழுதியவரும் அவரே. இன்கன்ட்ரோலை நிறுவ வேண்டியதில்லை. திறந்தால் ஒரே ஒரு சிறு ஜன்னல். அதில் எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று காட்டும் இரண்டு கட்டங்களும் 'டேக் கன்ட்ரோல்' என்ற பொத்தானும் இருக்கும். அமுக்கியவுடன் அந்த மூன்று வரிகளையும் அதுவே எழுதிவிடும். மனம் மாறினால் அதே பொத்தானை அமுக்கி விடுவித்துக்கொள்ளலாம். பின்னணியில் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. அவருடைய நிறுவனமான கிப்சன் ரிசர்ச்சின் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் தெரியும் ஏதாவது ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து வேண்டாம்.

அன்று கடையில் கூட்டம் குறைந்த பிறகு அந்த வேலையைச் செய்தேன். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அமுக்கி 'வின்வெர்' (winver) என்று தட்டினால் என்ன பதிப்பு என்று தெரியும். 22எச்2 என்றுதான் காட்டியது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு அதுதான். பூட்டினேன், கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன், புதுப்பிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேம்படுத்தல் அழைப்பு அங்கே இல்லை. அந்த மாதத்தின் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா சீட்டைக் கிழிக்கப் போனார். இருக்கட்டும் என்று சொன்னேன். பையனுக்கு நல்ல பழக்கம்தானே.

இந்த இடத்தில் அச்சகத்தின் இன்னொரு கணினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பில் போடும் மேசையில் இருப்பது. 2014-இல் வாங்கியது, 32-பிட் என்ற பழைய வகை விண்டோஸ் 10. அதில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதிய ஒரு கணக்கு நிரல் ஓடுகிறது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களைப் போட்டுப் பார்ப்பதும், வாட்ஸ்அப்பில் வரும் படங்களை இறக்குவதும் அதே கணினியில்தான். அதில் எந்த அறிவிப்பும் வருவதில்லை. "இது ஒன்றுதான் தொல்லையில்லாமல் இருக்கிறது" என்று சித்தப்பா அதைத் தட்டிக்கொடுத்தார்.

எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. புதுப்பிப்பு வரலாற்றைத் திறந்தேன். கடைசித் திருத்தம் சித்திரை மாதத்தில் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. விசாரித்தபோது, யாரோ ஒரு பழுதுபார்ப்பவர் வந்து "இனி எந்தத் தொல்லையும் வராது" என்று சொல்லி ஏதோ ஒரு கருவியால் புதுப்பிப்புச் சேவையையே முடக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறார். ஆனால் ஊரார் பென் டிரைவ் எல்லாம் நுழையும் கணினி எட்டு மாதமாகக் கதவு திறந்தபடி கிடந்தது. அந்த அமைதியைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

புதுப்பிப்புச் சேவையை முடக்குவது என்ற இந்த நான்காவது வழியைத்தான் காணொளிகளில் அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். முதலில், அது நிலைப்பதும் சந்தேகம். முடக்கப்பட்ட சேவையைச் சரிசெய்யவென்றே விண்டோஸில் தனியாக ஒரு சேவை இருக்கிறது. கையால் நிறுத்தியதை அது பல நேரங்களில் எழுப்பிவிடும். அப்படியே நிலைத்துவிட்டால் நிலைமை அதைவிட மோசம். 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுவதும் பரவியதை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை திருத்தம் ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள். அவற்றின் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் மேம்படுத்தல் தொல்லைக்குப் பயந்து புதுப்பிப்பை நிறுத்தியிருந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவராவது அந்தக் காரணத்தால் மாட்டியிருந்தால் அதுவே எனக்கு வருத்தம்தான்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, இணைய இணைப்பை 'மீட்டர்டு', அதாவது டேட்டா அளவுக்கு உட்பட்டது, என்று குறித்து வைப்பது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைப்பவர்களுக்கு டேட்டா தீராமல் காக்க அது நல்ல வசதி. மேம்படுத்தலைத் தடுக்க அது சரியான கருவி ஆகாது, ஏனென்றால் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளிப்போடுகிறது. மற்றொன்று, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லை அணைத்துவிடுவது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 கட்டாயம் என்பதால், அது இல்லாவிட்டால் கணினி தகுதியற்றது என்று மேம்படுத்தல் விலகிவிடும் என்பது கணக்கு. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டில் உள்ளதையெல்லாம் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கும் கணினியில் இதைச் செய்தால், அடுத்த முறை இயங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் கோப்புகள் அத்தனையும் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். பூட்டுக்குப் பயந்து சாவியைக் கிணற்றில் போடும் வேலை இது.

ஏழு நாள், பதினான்கு நாள் என்று புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தான் விண்டோஸிலேயே உண்டு. அதிகபட்சம் 35 நாள் கிடைக்கும். தேர்வு வாரம், முகூர்த்த வாரம் போன்ற சமயங்களுக்கு அது போதும். கணினி தானாக மறுதொடக்கம் ஆகக்கூடாத வேலை நேரத்தையும் 18 மணி நேரம் வரை குறித்துவைக்கலாம். கடை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் செய்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் மேம்படுத்தலைத் தள்ளிவைக்கும் வழிகள். தள்ளிவைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. அதன்பின் வெறுமனே பூட்டிவைத்துவிட்டு இருந்தால், பூட்டு மட்டும்தான் இருக்கும், ஆசாரி வரமாட்டார். எனவே பூட்டுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். விரிவாக்கப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, சுருக்கமாக ஈஎஸ்யு என்ற திட்டத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சித்தப்பாவின் கணினியில் திருத்தம் இறங்கியதும் அதில் பதிவு செய்திருந்ததால்தான். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தருகிறது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் எப்போது சேர்ந்தாலும் முடியும் நாள் அதேதான்.

சேர மூன்று வழிகள் உண்டு. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் காப்புப் பிரதியாக வைத்தால் இலவசம். அவர்களுடைய வெகுமதிப் புள்ளிகள் 1,000 சேர்ந்திருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். எந்த வழியானாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். ஒரு பதிவை அதே கணக்கில் பத்துக் கணினிகள் வரை பயன்படுத்தலாம். காசு கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய ஆதாயம், ஒரு குடும்பத்துக்கே போதும். ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் இருப்பவர்களுக்குக் காப்புப் பிரதி நிபந்தனைகூட இல்லாமல் இலவசம். அங்கே நுகர்வோர் அமைப்புகள் குரல்கொடுத்தன, நிபந்தனை தளர்ந்தது. நாமும் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு மனக்குறை உண்டு.

இலவச வழியில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காப்புப் பிரதிப் பக்கத்தில் 'அமைப்புகள்' என்பதை மட்டும் இயக்கினால் போதும். ஆவணங்கள், படங்கள் என்று கோப்புறைகளையும் சேர்த்து இயக்கிவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி இடம் சீக்கிரம் நிரம்பி, இடம் வாங்கச் சொல்லி வேறோர் அறிவிப்பு வரத் தொடங்கும்.

பதிப்பைப் பூட்டுவது, ஈஎஸ்யுவில் சேர்வது, மூன்று கட்டங்களின் குறியை எடுப்பது. மேம்படுத்தத் தயாராக இல்லாத எவருக்கும் இந்த மூன்றையும் சேர்த்தே சொல்வேன். அரைமணி நேரத்தில் முடியும்.

சரி, அறிவிப்பு சொல்வதையே கேட்டு ஏற்றுவிட்டால் என்ன? தகுதியான கணினி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பின் வந்த செயலி (பிராசசர்), டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி இவை இருந்தால் பெரும்பாலும் தகுதி உண்டு. அதிகாரப்பூர்வமாக 4 ஜிபி நினைவகம் போதும் என்கிறார்கள். 8 ஜிபிக்குக் குறைந்தால் நான் துணியமாட்டேன். விண்டோஸ் 10-இல் வேலை செய்த பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் பெரும்பாலும் 11-இலும் வேலை செய்யும். கோப்புகளும் நிரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிடிக்காவிட்டால் முதல் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பிவிடலாம். ரெகவரி பக்கத்தில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. பத்து நாள் கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால் ஏற்றியவுடன் அந்தப் பத்து நாளில் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். பத்திரிகை வடிவமைத்துப் பாருங்கள், எல்லாத் தாள் அளவிலும் அச்சடித்துப் பாருங்கள், பழைய தமிழ் எழுத்துரு போட்ட கோப்புகளைத் திறந்து பாருங்கள். நிரலோடு கொடுத்த யுஎஸ்பி பூட்டுச் சாவி இருந்தால், அது புதிய விண்டோஸில் இயங்குமா என்று நிரலை விற்றவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த 2014 கணினிக்கு இந்த வழி இல்லை. செயலிக்குத் தகுதி கிடையாது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பும் கிடையாது. 16-பிட் டாஸ் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற நிரலுக்குள் ஓட்டலாம், ஆனால் பில் அச்சடிப்பதில் தகராறு வரும். இத்தகைய கணினிகளுக்கு ஈஎஸ்யு முடியும்வரை திருத்தம் ஏற்றிப் பயன்படுத்திவிட்டு, அதன்பின் இணையத்திலிருந்து பிரித்துவிடுவதே என் யோசனை. கணக்கு நிரல் ஓட இணையம் எதற்கு? பென் டிரைவும் வாட்ஸ்அப்பும் வேறு கணினிக்குப் போகட்டும்.

விண்டோஸை விட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது கடைசி வழி. வீட்டில் இணையம் பார்க்க, கடிதம் எழுத, பாடம் படிக்க மட்டும் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. அறிவிப்பு என்ற இந்தக் கட்டுரையின் விஷயத்திலேயே ஓர் ஒப்பீடு சொல்கிறேன். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் புதிய பதிப்பு வந்தால் சொல்ல வேண்டுமா என்று கேட்கும் ஒரு பட்டியல் அமைப்புகளில் இருக்கிறது. அதில் 'நெவர்' என்று ஒரு தேர்வு. ஒருபோதும் வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்ல அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலின் கோப்புகளை நம்பிப் பிழைக்கும் அச்சகத்தை நான் அங்கே அனுப்பமாட்டேன். இருபது ஆண்டுக் கோப்புகள் அப்படியே திறப்பதில்லை.

பொங்கலுக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது சித்தப்பா மாதக் காலண்டரை எடுத்து வந்தார். "நாள் குறித்துக் கொடும்மா" என்றார். தை, மாசி, பங்குனி, சித்திரை ஒதுங்கின. வைகாசியும் ஆனியும் முகூர்த்தம் நிறைந்தவை. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடிக்க ஆடிப் பாதியிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆக, ஆடி பிறந்த முதல் பத்து நாள்தான் அச்சகம் காற்று வாங்கும் காலம். திரும்பிப் போக விண்டோஸ் கொடுக்கும் அவகாசமும் அதே பத்து நாள். ஈஎஸ்யு முடியும் அக்டோபருக்கும் அது நன்றாகவே முன்னால் இருக்கிறது. ஜூலை 17, வெள்ளிக்கிழமை, ஆடி ஒன்றாம் தேதி என்ற கட்டத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அதற்குள் '11' என்று எழுதினார். பில் மேசைக் கணினியில் எட்டு மாதத் திருத்தம் அப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது.